குழந்தைகளும் அறுபத்து நான்கு கட்டங்களும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதேனும் ஒரு கல்லூரி அரங்கத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ சென்றால் இந்தக் காட்சியைக் காணலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான சதுரங்கப் போட்டி. முதல் சுற்று தொடங்கப் போகிறது, பெற்றோர் அனைவரும் வெளியேற வேண்டும் என்று நடுவர் ஒலிபெருக்கியில் மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொள்கிறார். கதவு மூடப்படுகிறது. சன்னல் கண்ணாடியில் நெற்றியைப் பதித்தபடி தாய்மார்கள் நிற்கிறார்கள். ஐந்து நிமிடம் கழியும் முன்பே முதல் குழந்தை வெளியே வந்துவிடுகிறது. ஆளுக்கு அரை மணி நேரம் வழங்கப்பட்ட ஆட்டத்தை அது அதற்குள் முடித்துவிட்டது. அதனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'ஜெயிச்சியா?'

என் மகனுக்காக நான்காண்டுகள் இத்தகைய வாசல்களில் காத்திருந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அது இயல்பான கேள்வி. ஆனால், சதுரங்கப் பயிற்சி என்பது என்ன, அது குழந்தையின் மனத்தில் எதைக் கட்டுகிறது, எதற்காக நாம் பணமும் விடுமுறை நாள்களும் செலவிடுகிறோம் என்பவற்றைப் பற்றி நமக்குத் தெளிவில்லாதபோது, அந்தக் கேள்வி ஒன்றே பயிற்சி முழுவதையும் தீர்மானித்துவிடுகிறது.

2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியாவின் ஆடவர், மகளிர் அணிகள் இரண்டும் தங்கம் வென்றிருந்தன. பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் உலகின் முதல் அக்கா - தம்பி கிராண்ட்மாஸ்டர் இணை என்ற பெருமையைப் பெற்றிருந்தனர். இவற்றைத் தொலைக்காட்சியில் கண்ட பெற்றோர் ஆறு வயதுக் குழந்தையைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு பயிற்சி மையத்துக்குச் செல்வதில் வியப்பில்லை. அந்த ஆர்வத்தை நான் குறை கூற மாட்டேன். அந்த ஆர்வத்தின் கணக்கைத்தான் சற்றுப் பார்க்க வேண்டும்.

கணக்கு என்றே சொல்கிறேன், ஏனெனில் இது எண்களால் விளங்கக்கூடியது. இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் 'சுவிஸ்' முறையில் நடைபெறுகின்றன. தோற்றவர் வெளியேற மாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளிகளைப் பெற்றவர்களே ஒருவரோடொருவர் மோதுவர். 64 குழந்தைகள் ஆறு சுற்றுகள் ஆடுவதாகவும், டிராவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஆறிலும் வெல்பவர் ஒருவர். ஐந்தில் வெல்பவர் 6 பேர். நான்கில் வெல்பவர் 15 பேர். மூன்றில் மட்டும் வெல்பவர் 20 பேர். மீதமுள்ள 22 பேருக்கு இரண்டோ, ஒன்றோ, சுழியமோதான். அதாவது 64-இல் 42 குழந்தைகள் பாதி ஆட்டங்களிலோ அதற்கும் மேலாகவோ தோற்றே வீடு திரும்புவார்கள். எல்லாக் குழந்தைகளும் மிக நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தாலும் இந்த எண்கள் மாறா. மேலும், முன்னேற முன்னேறக் கடினமான எதிராளியே வாய்ப்பார் என்பதால், தோல்வி என்பது இந்த முறையின் விபத்து அன்று. அதன் அமைப்பே அதுதான். தோற்பதற்கு ஆயத்தப்படுத்தாத பயிற்சி எதுவும் சதுரங்கத்தில் பயிற்சியே ஆகாது.

இனி, பயிற்சி மனத்துக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சதுரங்க வல்லுநர்கள் பத்து, இருபது நகர்த்தல்களை முன்கூட்டியே கணக்கிடும் அசாதாரண மூளை படைத்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940-களில் இதை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட வெகு ஆழமாகக் கணக்கிடுவதாகத் தெரியவில்லை. நல்ல நகர்த்தல் எது என்பது அவர்கள் கண்ணில் விரைவாகப் பட்டது, அவ்வளவே. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை செய்தனர். (சைமன் பின்னர் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.) உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுநிலையை ஐந்து விநாடிகள் காட்டிவிட்டு, அதை வெற்றுப் பலகையில் மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் நான்கைந்து காய்களைத்தான் வைக்க முடிந்தது. பிறகு காய்களை அர்த்தமின்றிக் கலைத்துப் போட்டுக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை மறைந்துபோயிற்று.

இதன் பொருள், வல்லுநரின் நினைவாற்றல் பொதுவானது அன்று என்பதே. அவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. அர்த்தமுள்ள தொகுதிகளைப் பார்க்கிறார். நாம் 'தாமரை' என்ற சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படிப்பதைப்போல, அவர் கோட்டை கட்டிய ராஜாவையும் அதற்கு முன்னால் நிற்கும் மூன்று சிப்பாய்களையும் ஒரே சொல்லாகப் படிக்கிறார். இத்தகைய சொற்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துத் தருவதே பயிற்சியின் பெரும்பகுதி. படிக்கக் கற்பதைப்போல இதற்கும் காலம் ஆகும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பார்த்ததைத் தன் ஆட்டத்தில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பத்து நாள் கோடைக்கால முகாமில் இது நிகழாது. பிறவி மேதைகளுக்கு மட்டுமே இது வாய்க்கும் என்பதும் பொருந்தாது.

இந்த அறிவியலை அறிந்தோ அறியாமலோ, நல்ல பயிற்சியாளர்கள் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் நாளே முப்பத்திரண்டு காய்களையும் அடுக்கிக் காட்டுவதில்லை. இரு பக்கமும் எட்டு எட்டுச் சிப்பாய்களை மட்டும் வைத்து, யாருடைய சிப்பாய் முதலில் மறுகோடியை எட்டுகிறதோ அவருக்கே வெற்றி என்று ஆட விடுவார்கள். நேரே நடந்து குறுக்கே வெட்டும் அந்தச் சின்னஞ்சிறு காயின் வழியாகவே பாதை, தடை, பரிமாற்றம், முந்துதல் ஆகிய அனைத்தையும் குழந்தை உணர்ந்துவிடும். அடுத்த வாரம் ராஜா சேரும். பிறகு யானை. குதிரையின் வளைந்த பாய்ச்சல் எல்லாருக்கும் கடைசியில்தான் பிடிபடும். அதற்கென்றே தனி விளையாட்டுகள் உண்டு.

இதற்கு நேர்மாறான குறுக்குவழி ஒன்றும் உண்டு. ராணியையும் மந்திரியையும் விரைவாக வெளியே கொண்டுவந்து, எதிரி ராஜாவை மட்டுமே காவலாகக் கொண்ட சிப்பாயைத் தாக்கி, நான்காவது நகர்த்தலிலேயே ஆட்டத்தை முடிக்கும் தந்திரம். ஏழு வயதுக் குழந்தைக்கு இதைக் கற்பித்துவிட்டால் அடுத்த போட்டியில் இரண்டு வெற்றிகள் உறுதி, பெற்றோர் மகிழ்வர், பயிற்சி மையத்தின் பெயர் பரவும். ஆனால், அந்தத் தந்திரத்தை அறிந்த எதிராளி அமையும் நாளில், ராணி பலகை நடுவே துரத்தப்படும்போது, தன் மற்ற காய்கள் இன்னும் வீட்டிலேயே உறங்குவதை அந்தக் குழந்தை முதல்முறையாகக் கவனிக்கும். அதைவிட மோசம், எதிராளி தவறு செய்வார் என்ற நம்பிக்கையே அதன் ஆட்டமாகிப் போயிருக்கும். தொடக்க நகர்த்தல்களை பதினைந்து வரை மனப்பாடம் செய்விப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பதினாறாவது நகர்த்தலில் என்ன செய்வது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிவதில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தையிடம் கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வரச் சொன்னால் திகைப்பதைப்போன்ற நிலை அது.

கியூபாவின் உலக சாம்பியன் காப்பாபிளாங்கா, இறுதியாட்டத்தையே முதலில் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். குழந்தைகளுக்கு இது சலிப்பூட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். என் அனுபவம் வேறு. பலகையில் இரண்டு ராஜாக்களும் ஒரே ஒரு சிப்பாயும் இருக்கும்போதுதான் குழந்தையால் முழு ஆட்டத்தையும் தன் கைக்குள் பிடிக்க முடிகிறது. இரு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்கு நேர் நின்றால், யார் நகர்த்த வேண்டிய முறையோ அவரே வழிவிட வேண்டும். இதை உணரும் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நகர்த்தும் உரிமை எப்போதும் நன்மையே என்று அதுவரை எண்ணியிருந்த குழந்தைக்கு, அதுவே சுமையாகவும் மாறும் என்பது புது உலகம். தன் ராஜா சிப்பாய்க்கு முன்னால் நடந்து ஆறாவது வரிசையை எட்டிவிட்டால், அது ஓரச் சிப்பாயாக இல்லாத வரை, முறை யாருடையதாக இருந்தாலும் வெற்றி உறுதி. இந்த ஓர் உண்மையை மனப்பாடமாக அன்றி, தானே ஆடிக் கண்டடைந்த குழந்தை, அதற்கு முந்தைய நடுவாட்டத்திலும் எந்தக் காய்ப் பரிமாற்றம் தனக்கு நன்மை என்று சிந்திக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது, நகர்த்துவதற்கு முன் சிந்திக்கும் ஒழுங்கு. சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். பெரியவர்களே அடிக்கடி மீறும் கட்டுப்பாட்டை ஏழு வயதில் பழகுவது எளிதன்று. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வது வேடிக்கைக்காக அன்று. எதிராளி ஏன் இதை நகர்த்தினான், நான் 'செக்' வைக்க முடியுமா, எதையாவது வெட்ட முடியுமா, அவன் எதை மிரட்டுகிறான் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் ஓராண்டில் வந்தால் அது பெரிய வெற்றி. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த அந்தக் குழந்தைக்கு இந்தப் பழக்கம் வரவில்லை என்பதே பொருள். அது வென்று வந்திருந்தாலும் அப்படித்தான்.

இவை அனைத்துக்கும் மேலாக, பயிற்சியின் உயிர்நிலை என்று நான் கருதுவது, குழந்தை தான் ஆடிய ஆட்டத்தைத் தானே திரும்பிப் பார்ப்பது. சோவியத் ஒன்றியத்தின் உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக் நடத்திய பள்ளி இதற்கு அடையாளம். கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூன்று உலக சாம்பியன்களும் சிறுவயதில் அங்கே பயின்றவர்கள். அது நாள்தோறும் நடக்கும் வகுப்பு அன்று. ஆண்டில் சில முறை கூடும் முகாம். மாணவர்கள் தங்கள் ஆட்டங்களுக்குத் தாங்களே விளக்கம் எழுதிக்கொண்டு வந்து ஆசிரியர் முன்னும் சக மாணவர்கள் முன்னும் வைக்க வேண்டும். எங்கே என்ன நினைத்தேன், எங்கே தவறினேன் என்று அவர்களே சொல்ல வேண்டும். வீட்டுப்பாடமும் உண்டு. (இங்கே ஒரு செய்தியை நினைவூட்டலாம். பன்னிரண்டு வயதுக் கார்ப்போவைப் பார்த்த போட்வின்னிக், இந்தச் சிறுவனுக்குச் சதுரங்கத்தில் எதிர்காலம் இல்லை என்று கருதினார். கார்ப்போவ் 1975-இல் உலக சாம்பியன் ஆனார். பத்து வயதுக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் பயிற்சியாளர்களைச் சந்திக்கும்போது இதை மறக்கக் கூடாது.)

இன்று ஆட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு வேறொரு வழி வந்துவிட்டது. உலக சாம்பியனையும் எளிதில் வெல்லக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் இலவசமாகக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நகர்த்தல்களை உள்ளிட்டால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தவறுகளைச் சிவப்பில் காட்டிவிடும். நானும் அதைச் செய்தேன். மகன் தோற்று வெளியே வந்ததும் அவனுடைய ஆட்டக் குறிப்புத் தாளை வாங்கி, வாகன நிறுத்துமிடத்திலேயே நகர்த்தல்களைக் கைப்பேசியில் உள்ளிட்டு, 'பார், இருபத்திரண்டாவது நகர்த்தலில் எல்லாம் போய்விட்டது' என்று காட்டுவேன். சில மாதங்களில் அவனுடைய குறிப்புத் தாளின் கையெழுத்து படிக்க முடியாதபடி மாறியது. பதினைந்தாவது நகர்த்தலுக்கு மேல் வெறும் கிறுக்கல். அவசரத்தில் எழுதுகிறான் என்றே எண்ணியிருந்தேன். நான் படிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதினான் என்பது வெகு நாள்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எஞ்சின் சரியான விடையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. குழந்தை எதை நினைத்து அந்தத் தவற்றைச் செய்தது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்தால்தானே திருத்த முடியும்? எதிராளியின் மிரட்டலைப் பார்க்காமல் செய்த தவறும், பார்த்தும் பயந்து செய்த தவறும், நேரம் இல்லாமல் செய்த தவறும் எஞ்சினின் கண்ணில் ஒன்றே. பயிற்சியாளருக்கு அவை மூன்று வேறு பாடங்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை எஞ்சினின் துணையின்றியே அவரை வளர்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிரக்ஞானந்தா உள்ளிட்ட பலரை உருவாக்கிய ஆர்.பி. ரமேஷ், காய்களைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே கணக்கிடும் பயிற்சிக்கு முதன்மை தருபவர். அதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எஞ்சினோடு வளர்ந்து மேல்நிலை அடைந்தவர்களும் உலகில் உண்டு. ஆகவே இதை மாறாத விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பத்து வயதுக் குழந்தைக்கு முதலில் தன் சொந்த விளக்கம், பிறகு பயிற்சியாளரின் கேள்வி, கடைசியில் எஞ்சின் என்ற வரிசையாவது வேண்டும்.

பெற்றோரின் இன்னொரு கவலை ரேட்டிங். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வழங்கும் இந்த எண்ணைப் பற்றிய குழப்பங்கள் ஏராளம். 2024 மார்ச் மாதம் முதல் இதன் அடிமட்டம் 1000-இலிருந்து 1400-ஆக உயர்த்தப்பட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, ரேட்டிங் 2300-க்குக் கீழ் இருக்கும் வரை, ஏற்ற இறக்கத்துக்கான பெருக்கெண் 40. அதாவது, தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளிகள் குறையும். ஒரே போட்டித் தொடரில் அப்படி ஐந்து ஆட்டங்களை இழந்தால் 100 புள்ளிகள் போய்விடும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பெருக்கெண் 10 மட்டுமே. குழந்தைகள் வேகமாக மாறுபவர்கள் என்பதற்காகவே அவர்களுடைய எண்ணும் வேகமாக மாறும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை வாரந்தோறும் பார்த்து மனம் கலங்குவது, வளரும் பிள்ளையை நாள்தோறும் சுவரில் நிறுத்தி உயரம் அளப்பதற்கு ஒப்பாகும். இதன் விளைவாக நேர்வது விசித்திரமானது: ரேட்டிங் குறைந்துவிடும் என்ற அச்சத்தில், தங்களைவிட வலிமை குறைந்த எதிராளிகள் வரக்கூடிய போட்டிகளையே சில குடும்பங்கள் தவிர்க்கின்றன. ஆட வேண்டிய வயதில் குழந்தை ஆடாமல் இருக்கிறது, எண்ணைக் காப்பதற்காக.

சதுரங்கம் கற்றால் கணக்கு நன்றாக வரும், படிப்பு உயரும் என்ற வாக்குறுதியையும் இங்கே பேசியாக வேண்டும். பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுவது அது. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் சார்பில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. நூறு பள்ளிகள், ஏறக்குறைய 4,000 மாணவர்கள், ஒன்பது - பத்து வயதினர். ஒரு பாதிப் பள்ளிகளில் பாட நேரத்திலேயே முப்பது மணி நேரம் வரை சதுரங்கம் கற்பித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கணக்கு மதிப்பெண்ணில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இதற்கு முந்தைய ஆய்வுகள் சில நற்பயனைக் காட்டியிருந்தன என்பது உண்மையே. ஆனால், அவற்றில் பலவற்றில், சதுரங்கத்துக்குப் பதிலாக வேறொரு புதிய செயலில் ஈடுபட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதை ஜியோவான்னி சாலா, ஃபெர்னான்ட் கோபெ ஆகிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். புதிதாக எதைச் செய்தாலும் குழந்தைகளிடம் சிறிது காலம் உற்சாகம் கூடும்.

சேஸ், சைமன் சோதனையை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை. கலைத்துப் போட்ட காய்களையே நினைவில் கொள்ள உதவாத திறமை, பின்னக் கணக்குக்கு எப்படி உதவும்? ஆகவே, கணக்கு மதிப்பெண்ணுக்காகக் குழந்தையைச் சதுரங்கத்துக்கு அனுப்புபவர்கள், அந்த நேரத்தில் கணக்கையே கற்பிக்கலாம். சதுரங்கத்தைக் கற்பிக்க, அது சதுரங்கம் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டுமா என்ன? இசை கற்றால் வேதியியல் வரும் என்று சொல்லி யாரும் பாட்டு வகுப்புக்கு அனுப்புவதில்லை. ஆர்மீனியா 2011-இல் இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. பெட்ரோசியான் என்ற உலக சாம்பியனைக் கொண்டாடும் நாடு அது. அங்கே சதுரங்கம் தங்கள் பண்பாட்டின் பகுதி என்பதும் ஒரு காரணமாக இருந்தது. அது நேர்மையான காரணம்.

தமிழ்நாட்டுக்கும் அத்தகைய மரபு உண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் 1961-இல் அந்தப் பட்டத்தைப் பெற்றவர். 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய 'தால் சதுரங்கக் கழகம்' இன்றைய வளர்ச்சியின் நாற்றங்கால். ஆறு வயதில் தாயிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே சென்று ஆடினார். அங்கே விரைவாட்டத்தில் வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் மீண்டும் காத்திருப்பார். பள்ளிச் சிறுவன், வங்கி ஊழியர், ஓய்வுபெற்றவர் எல்லாரும் ஒரே வரிசை. கட்டணம் கட்டிக் கற்கும் வகுப்பாக அது இருக்கவில்லை. பாடத்திட்டம் கிடையாது. சோவியத் நூல்களும் இதழ்களும் இருந்தன. ஆட ஆள் இருந்தது. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இன்றுள்ள நிலை வேறு. பயிற்சி மையங்கள் பெருகியிருக்கின்றன. இணைய வழியில் உலகின் எந்த மூலையில் உள்ள ஆசிரியரிடமும் கற்கலாம். ஆனால், வெறுமனே சென்று ஆடுவதற்கான இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. விளைவாக, பல குழந்தைகள் வாரம் இரண்டு வகுப்புக்குப் போகின்றன. புள்ளிக் கணக்கு இல்லாத ஆட்டத்தை மட்டும் யாருடனும் ஆடுவதில்லை. ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் போட்டியாகிவிட்டால் தோல்வி கனக்கத்தான் செய்யும். தன் வயதுக்கு இரு மடங்கு மூத்தவரிடம் தோற்று, சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போன அந்தச் சிறுவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இவர்களுக்கு இல்லை.

செலவையும் சொல்ல வேண்டும். பலகையும் காய்களும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லிச்செஸ் போன்ற தளங்களில் கட்டணமின்றி ஆடலாம். ஏழை எளியோருக்கும் உரிய விளையாட்டு என்று இதைச் சொல்வது அந்த எல்லை வரைதான் உண்மை. அதற்கு மேல் பயிற்சிக் கட்டணம், நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், உடன் செல்லும் பெற்றோரின் வேலை நாள்கள் என்று நீளும். குகேஷின் தந்தை மருத்துவர். மகனுடன் பயணம் செய்வதற்காகத் தம் மருத்துவப் பணியையே குறைத்துக்கொண்டவர். பிரக்ஞானந்தா, வைஷாலியின் தாய் நாகலட்சுமி அரங்குகளின் ஓரத்தில் காத்திருக்கும் காட்சி உலகம் அறிந்தது. இந்தக் குடும்பங்களின் அர்ப்பணிப்பை வணங்கும் அதே வேளையில், இதைப் பின்பற்றிய எல்லாக் குடும்பங்களும் செய்தியில் வருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிப் படிப்பிலிருந்து விலகினார். அவருக்கு அது பொருந்தியது. அதையே வழிகாட்டியாகக் கொண்டு எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்க எண்ணுபவர்களிடம் தயங்கச் சொல்வது நல்ல பயிற்சியாளரின் கடமை.

பெண் குழந்தைகளின் நிலை தனியாகப் பேசத்தக்கது. தொலைக்காட்சியிலிருந்து விலக்குவதற்காகச் சதுரங்க வகுப்பில் சேர்க்கப்பட்டவர் வைஷாலி. அக்காவைப் பார்த்துத்தான் தம்பி வந்தார். எட்டு வயதுப் பிரிவில் ஏராளமான சிறுமிகளைக் காண்கிறோம். வெளியூர்ப் பயணம் தொடங்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த இருக்கைகள் காலியாகின்றன. ஆட்டத்திறன் குறைந்ததால் அல்ல. யார் உடன் செல்வது என்ற கேள்விக்கு வீட்டில் விடை கிடைக்காததால். பயிற்சி மையங்களும் மாவட்டக் கழகங்களும் சிறுமிகளைக் குழுவாக, பொறுப்பான ஒரு பெண்ணின் துணையோடு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தால், எத்தனையோ பேர் தொடர்வார்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றனர். அது தவறில்லை. எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது; அதற்கு 2500 ரேட்டிங்கும் மூன்று தகுதி நெறிகளும் வேண்டும், அதற்குக் கொடுக்க வேண்டிய இளமையும் வேண்டும். ஆனால், நிறுத்தியவர்களில் எத்தனை பேர் மீண்டும் பலகையைத் தொட விரும்புகிறார்கள் என்பதைக் கொண்டுதான் அவர்கள் பெற்ற பயிற்சியை நான் மதிப்பிடுவேன். என் மகனும் நிறுத்தினான். இரண்டாண்டுகள் வீட்டில் பலகை அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்தது. கல்லூரி விடுதியில் யாரோ அழைத்து மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறான் என்று தொலைபேசியில் சொன்னபோது, வென்றாயா என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடைபெற்றபோது, அரசுப் பள்ளிகளில் பள்ளி அளவிலிருந்து மாவட்ட அளவு வரை போட்டிகள் நடத்தப்பட்டன. அதற்கு முன்பே, 2010-களின் தொடக்கத்தில், பள்ளிகளில் ஏழு முதல் பதினேழு வயது வரையிலான மாணவர்களுக்குச் சதுரங்கத்தைக் கொண்டுசெல்லும் திட்டம் அறிவிக்கப்பட்டது. போட்டி நடத்துவதைவிடக் கடினமானது, போட்டி முடிந்த மறுநாள் என்ன என்பது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தேர்ந்த பயிற்சியாளரை நியமிப்பது நடைமுறையில் இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. விதிகள் தெரிந்த, தோற்ற பிள்ளையிடம் என்ன நினைத்து இதை நகர்த்தினாய் என்று கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு ஒரு வாரப் பயிற்சி போதும்.

இடத்துக்கும் பெரிய செலவு ஆகாது. நம் கிளை நூலகங்களில் மாலை நேரத்தில் ஒரு நீள மேசையும் நான்கைந்து பலகைகளும் போட்டுவைக்கலாம். வென்றவர் உட்கார்ந்திருக்கட்டும், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகட்டும் என்ற ஒரு விதி போதும். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பத்தாம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்திய இளைஞர்களும் வருவார்கள். அரசுப் பள்ளி மாணவன் ஒருவன் அங்கே மூன்று மாதம் ஆடினால், எந்த மையத்திலும் சேராமலேயே இறுதியாட்டத்தில் ராஜாவை முன்னே நடத்தக் கற்றுக்கொண்டிருப்பான்.